மெனோபாஸ் சூட்டுக்கு சோயா கேட்குமா?

தென்றல்52: மாதவிடாய் நின்றுபோகும் நேரத்தில் வரும் திடீர்ச் சூட்டுக்கு சோயா நல்லது என்று படித்தேன். தங்கையோ, "அது பெண் ஹார்மோன் மாதிரி, மார்பில் கட்டி வந்துவிடும், தொடாதே" என்கிறாள். எனக்கு ராத்திரியில் நைட்டி நனைந்து, எழுந்து மாற்றிக்கொண்டு படுக்கிற நிலை. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். என்ன செய்யட்டும்?

அவரைக்கொடி: தாராளமாகச் சாப்பிடுங்கள் அக்கா. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன் என்ற பொருள், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒட்டும் இடத்திலேயே ஒட்டும். ஆனால் வீரியம் மிகக் குறைவு. 2012இல் பல சோதனைகளைச் சேர்த்து அலசியபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட சூடு வரும் தடவை சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது.

எதிர்ப்பாட்டு: 20 சதவீதம் என்றால் பத்து தடவை எட்டாகும். அவ்வளவுதான். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் ஹார்மோன் இல்லாத சிகிச்சைகளை வரிசைப்படுத்தியபோது சோயாவைப் பரிந்துரைக்கவில்லை. 2011இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் தினம் 200 மில்லிகிராம் ஐசோஃபிளேவோனை இரண்டு வருடம் கொடுத்தார்கள். எலும்புத் தேய்மானம் நிற்கவில்லை. சூடு வருவதாகச் சொன்னவர்களும் சோயா எடுத்த பக்கம்தான் அதிகம்!

அவரைக்கொடி: அது மாத்திரை. நான் சொல்வது சாப்பாடு.

எதிர்ப்பாட்டு: நீங்கள் காட்டிய 20 சதவீதமும் மாத்திரைக் கணக்குதானே? உங்களுக்குச் சாதகமாக இருந்தால் மட்டும் அது சாப்பாடா?

அவரைக்கொடி: சரி, சாப்பாட்டுக் கணக்கே தருகிறேன். 2021இல் வந்த ஒரு சோதனையில் தினம் அரைக் கப் அவித்த சோயா பீன்ஸ் கொடுத்தார்கள். 12 வாரத்தில் மிதமான, கடுமையான சூடு 84 சதவீதம் குறைந்தது.

எதிர்ப்பாட்டு: பாதியைத்தான் சொன்னீர்கள். அவர்கள் இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டு எண்ணெயையும் குறைத்தார்கள். எது கேட்டது என்று எப்படிப் பிரிப்பது? சாப்பாட்டை மாற்றாத குழுவுக்கே 42 சதவீதம் குறைந்ததே, அதைக் காணோம்.

சமையல்கட்டு: நான் உணவு ஆலோசகர், நடுவில் வருகிறேன். முதலில் மார்பகப் பயம். ஷாங்காயில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். சோயா அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன.

எதிர்ப்பாட்டு: அங்கே சின்ன வயதிலிருந்தே சாப்பிடுகிறார்கள். ஐம்பதில் ஆரம்பிப்பவருக்கும் அதே பலன் வருமா?

சமையல்கட்டு: பலன் வருமென்று நான் சொல்லவில்லை, கெடுதல் தென்படவில்லை என்கிறேன். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் உணவாகச் சாப்பிடும் சோயா பாதுகாப்பானது என்றே சொல்கிறது. சூடு குறைவது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் குடலில் உள்ள பாக்டீரியா ஐசோஃபிளேவோனை ஈக்வால் என்ற பொருளாக மாற்றும், சிலருக்கு மாற்றாது. ஒருத்திக்குக் கேட்டது அடுத்தவளுக்குக் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். என்னைக் கேட்டால், சூட்டைவிடப் புரதத்துக்காகவே சாப்பிடலாம். அவித்த சோயா ஒரு கப்பில் 30 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, கெட்ட கொழுப்பும் கொஞ்சம் இறங்கும். ஆனால் சோயா எண்ணெய், சோயா சாஸ் கணக்கில் வராது. அவற்றில் ஐசோஃபிளேவோன் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

தென்றல்52: தைராய்டு மாத்திரை?

சமையல்கட்டு: மாத்திரை உடலில் சேர்வதை சோயா தடுக்கும். காலையில் மாத்திரை போட்டால் நாலு மணி நேரமாவது விட்டு, மதியம் சாப்பிடுங்கள். ஐசோஃபிளேவோன் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

எதிர்ப்பாட்டு: இதில் சண்டையில்லை. ஆனால் நைட்டி நனைகிற அளவுக்கு இருந்தால் சோயாவை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஹார்மோன் சிகிச்சை உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

அவரைக்கொடி: காத்திருக்கச் சொன்னது யார்? டாக்டரையும் பார்க்கட்டும், மதியம் பீன்ஸும் சாப்பிடட்டும்.