ஃபிரெய்சினேயும் தாழ்ந்த பாலமும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

சிவில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு, முன்தகைவுக் கான்கிரீட்டின் (உள்ளே உள்ள கம்பியை முன்கூட்டியே இழுத்துக் கட்டி இறுக்கிய கான்கிரீட்) முன்னோடியான யூஜின் ஃபிரெய்சினேயைப் பற்றி எழுதுகிறேன். 1879-இல் பிரான்சின் ஒப்ஜா என்னும் சிற்றூரில் பிறந்த அவர், மூலேன் நகரில் சாலைப் பொறியாளராக இருந்தபோது, ஆலியே ஆற்றில் ஒரே பாலத்துக்கு ஆகும் தொகையில் மூன்று பாலங்களைக் கட்ட முன்வந்தார். அந்த வயதுக்கு அது கொஞ்சம் அதிகப்படியான துணிச்சல்தான்.

அவற்றில் முதலாவதான லெ வெர்த்ர் பாலத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள, மிகத் தட்டையான மூன்று வளைவுகள் இருந்தன. கட்டி முடித்த சில மாதங்களில் வளைவுகளின் உச்சி மெல்ல இறங்கத் தொடங்கி, 1911 வசந்த காலத்துக்குள் 13 சென்டிமீட்டர் வரை தாழ்ந்துவிட்டது. தொடர்ந்து பளு தாங்கும் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறுகும் என்பதை அன்றைய விதிமுறைகள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஃபிரெய்சினே இரவோடு இரவாகச் சைக்கிளில் பாலத்துக்குப் போய், நம்பிக்கையான நான்கு ஆட்களை எழுப்பி, சாரம் பிரிக்கும்போது பயன்படுத்திய ஜாக்கிகளை உச்சியில் மறுபடியும் பொருத்தினார். விடிந்ததும் மட்டம் பார்த்துக்கொண்டே மூன்று வளைவுகளையும் ஒருசேர உயர்த்தினார்கள். அன்று சந்தை நாள் என்பதால், வண்டிகளுக்கு வழிவிட வேலையை அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது.

இந்த அனுபவம் இல்லாமல் முன்தகைவுக் கான்கிரீட்டுக்கு 1928-இல் அவர் பெற்ற காப்புரிமையைப் புரிந்துகொள்ள முடியாது. கம்பியை முன்கூட்டியே இழுத்துக் கட்டி கான்கிரீட்டை இறுக்கலாம் என்று அவருக்கு முன்பே பலர் முயன்று தோற்றிருந்தார்கள். சாதாரண எஃகுக் கம்பியை இழுத்தால் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. கான்கிரீட் நாளடைவில் குறுகுவதும் ஏறக்குறைய அவ்வளவே என்பதால், கொடுத்த இறுக்கம் முழுவதும் கரைந்துவிடும். அதைவிடப் பல மடங்கு விசையில் இழுக்கத்தக்க உயர்வலுக் கம்பியே தேவை என்று அவர் உறுதியாகச் சொன்னார். வேலையை விட்டு, சேமிப்பைப் போட்டு, இம்முறையில் மின்கம்பங்கள் செய்யும் ஆலை தொடங்கினார், வியாபாரம் படுத்துவிட்டது. 1934-இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் புதைந்துகொண்டிருந்த கப்பல் நிலையத்தின் அடித்தளத்தை இதே முறையில் அவர் காப்பாற்றிய பிறகுதான் ஊர் நம்பியது.

1950-களில் செங்கல்பட்டு அருகே பாலாற்றின் குறுக்கே எழுந்த பாலமும் முன்தகைவுக் கான்கிரீட்டில் கட்டப்பட்டதுதான். லெ வெர்த்ர் பாலம் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. அந்த மூன்றில் ஒன்றான, விஷி நகரருகே உள்ள பூத்திரோன் பாலம் இன்றும் நிற்கிறது. பிரான்சில் இருக்கும் உறவினர்கள் அந்தப் பக்கம் போனால், வளைவின் உச்சி தெரியும்படி ஒரு படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்புங்கள்.