சிரியா மீதான தடைகள்: நீங்கள் பழகிய சிரியாக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

2011-ல் எழுந்த போராட்டங்களை ரத்தத்தில் அடக்கிய சிரியா அதிபர் பஷார் அல்-அசாத்தின் ஆட்சி மீது அமெரிக்காவும் ஐரோப்பாவும் வர்த்தக, வங்கித் தடைகள் போட்டன. சிரியாக்காரர்களோடு வேலை செய்தவர்கள், பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

ஜெர்மனியில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். என் ஷிஃப்டில் இருப்பவர் அலெப்போவில் மருந்துக்கடை வைத்திருந்தவர், 2015-ல் இங்கே வந்தார். 2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை அசாத் மாஸ்கோவுக்கு ஓடினார். 1971-லிருந்து அப்பாவும் மகனுமாக ஆண்ட ஆட்சி. மறுநாள் மனிதர் இரண்டு தட்டு பக்லாவாவோடு வந்து எல்லாருக்கும் ஊட்டியே விட்டார்.

சில நாளில் அக்காவுக்குப் பணம் அனுப்ப வங்கிக்குப் போனார். படிவத்தில் 'சிரியா' என்று பார்த்ததுமே முடியாது என்றுவிட்டார்கள். சரி, பழையபடி ஹவாலாதான். நம் ஊரில் உண்டியல் என்போமே, அதே வழி. அங்கே காசின் மதிப்பும் கரைந்துவிட்டது. 2011-க்கு முன் ஒரு டாலருக்கு 50 சிரியா பவுண்டுகூட இல்லை. அசாத் விழும்போது 10,000-க்கு மேல். "அவனுக்குப் போட்ட பூட்டு, அவன் போன பிறகும் எங்கள் வாசலில் தொங்குகிறது" என்றார். அவர் பக்கம்தான் நியாயம் என்று அன்றே நினைத்தேன்.

ஷார்ஜாவிலிருந்து:

மருத்துவக் கருவிகள் சர்வீஸ் செய்கிறேன். 2022-ல் டமாஸ்கஸ் மருத்துவமனை ஒன்றுக்காக டயாலிசிஸ் மெஷினுக்குப் பம்ப்பும் போர்டும் கேட்டு ஒருவர் வந்தார். மனிதாபிமானப் பொருட்களுக்கு விலக்கு உண்டு என்று சட்டம் சொல்லும். ஆனால் 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் சீசர் சட்டம், சிரியாவோடு கொடுக்கல் வாங்கல் வைக்கும் மூன்றாம் நாட்டுக்காரரையும் தண்டிக்க வழி வைத்திருந்தது. அந்தப் பயத்தில் விலக்குள்ள பொருளுக்கும் வங்கி பணம் வாங்கவில்லை, கப்பல்காரர் ஏற்றவில்லை. எங்கள் முதலாளியும் "வம்பு வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அப்புறம் அந்த மனிதரைப் பார்த்தபோது, ஒரு மெஷினைப் பிரித்து மற்ற இரண்டை ஓட்டுவதாகச் சொன்னார். வாரம் மூன்று முறை வர வேண்டிய நோயாளிகளை இரண்டு முறைதான் கூப்பிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டொராண்டோவிலிருந்து:

இருவர் சொன்னதையும் மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தது வேறு. என் மகளின் தோழியுடைய அம்மா சிரியாவின் கடலோர நகரமான லடாக்கியா பக்கத்து அலவிப் பெண். அசாத் குடும்பமும் சேர்ந்த சிறுபான்மை முஸ்லிம் பிரிவு அது. 2025 மார்ச்சில் கடலோர ஊர்களில் அலவி மக்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டபோது மூன்று நாள் போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. சித்தப்பா வீட்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மே மாதம் ரியாத்தில் டிரம்ப் தடைகளை நீக்கப் போவதாக அறிவித்த அன்று என்னிடம், "நீக்கட்டும், என் அம்மாவுக்கும் ரொட்டி வேண்டும். ஆனால் எங்களைக் கொன்றவனை இனி யார் கேட்பார்கள்?" என்றார். ஜூலையில் தெற்கே ஸ்வைதாவில் ட்ரூஸ் என்ற இன்னொரு சிறுபான்மைச் சமயத்து மக்கள் செத்தபோதும் அதே கேள்வி. அசாத்தை விரட்டிய கிளர்ச்சிப் படையின் தலைவராக இருந்து இப்போது ஆளும் அஹ்மத் அல்-ஷரா, முன்பு அல்-கொய்தாவின் சிரியா கிளையை நடத்தியவர். அவர் தலைக்கு 2024 டிசம்பர் வரை அமெரிக்காவே 1 கோடி டாலர் விலை வைத்திருந்தது. என்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுபடியும் நான்:

டொராண்டோ சகோதரி, உங்கள் தோழியின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நாட்டின் மீது போடும் தடை வேறு, ஆள் மீது போடும் தடை வேறு. 2025 மே மாதம் பொருளாதாரத் தடைகளை நீக்கிய ஐரோப்பிய ஒன்றியம், அதே கையோடு மார்ச் கொலைகளில் தொடர்புடைய ஆயுதக் குழுக்கள் மீதும் அவற்றின் தலைவர்கள் மீதும் புதிதாகத் தடை போட்டது. அதை இன்னும் தாராளமாகச் செய்யட்டும். டயாலிசிஸ் நோயாளியைப் பிணை வைத்து ஷராவை வழிக்குக் கொண்டுவர முடியும் என்று நான் நம்பவில்லை. 13 வருடம் அப்படிச் செய்தும் அசாத் அரண்மனையில்தான் இருந்தார். விழுந்தது கிளர்ச்சிப் படைகள் இரண்டு வாரத்துக்குள் முடித்த ஒரு தாக்குதலில். ராணுவத்தை உள்ளுக்குள் அரித்தது தடைதான் என்பார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அந்த ராணுவத்தோடு சேர்ந்து யாரெல்லாம் அரிபட்டார்கள் என்று ஷார்ஜா நண்பர் எழுதியிருக்கிறார்.

2025 டிசம்பரில் சீசர் சட்டமும் ரத்தானது. என் நண்பர் திரும்ப வங்கிக்குப் போனார். அலெப்போக் கடைக்கு ஷட்டர் போட அக்கா பணம் கேட்டிருந்தார். கவுண்டரில் இருந்த பெண் இந்தத் தடவை படிவத்தைத் திருப்பித் தரவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக வாங்கி வைத்துக்கொண்டார். இன்னும் பதில் வரவில்லை.