குழு மின்னஞ்சலில் கடுமையாக எழுதினால் நீக்கிவிடலாமா?

காட்பாடி டீச்சர்:
தோல் தொழிற்சாலைக் கழிவால் மாசுபட்ட பாலாற்றைப் பற்றிப் பேசும் நம் மின்னஞ்சல் குழுவில் வாணியம்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுதிய கடிதத்தை நிர்வாகி நேற்று நீக்கிவிட்டார். தோல் தொழிற்சாலைகளை நம்பித்தான் பல குடும்பங்கள் பிழைக்கின்றன என்று சொன்னவரை, "எவ்வளவு வாங்கினே?" என்று அதில் கேட்டிருந்தார். நீக்கியது சரி என்பேன். ஊரே படிக்கிற இடத்தில் ஒருவரைக் காசு வாங்கியவர் என்றால் அவர் மறுபடி எழுதமாட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் ஒதுங்கிவிடுவார்கள்.

ஆம்பூர் நிலத்துக்காரன்:
டீச்சர், நீங்க சொல்றது ஒரே ஒரு வரி. மிச்சம் முழுக்க அவர் கிணத்துக் கதை. தண்ணியில உப்பு ஏறி தென்னை காஞ்சது, மாடுகூட வாய் வைக்காதது. அதையும் சேர்த்துத்தானே தூக்கிட்டாங்க? வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல, மாசு பண்றவங்கதான் அதுக்கான செலவை ஏத்துக்கணும்னு 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. இழப்பீட்டைக் கொடுங்கன்னு அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில திரும்பவும் சொல்ல வேண்டியதாப் போச்சு. இத்தனை வருஷம் மனு எழுதினவர் எந்தக் குரல்லதான் பேசணும்?

ராணிப்பேட்டை மென்பொருள்:
அண்ணா, அவர் கோபம் நியாயம்தான். ஆனா எழுத்துல குரல் கேக்காது. க்ரூகர், எப்லிங்கிற உளவியல் ஆய்வாளர்களும் கூட இருந்தவங்களும் 2005-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. தான் மின்னஞ்சல்ல எழுதினது கிண்டலா நிஜமான்னு படிக்கிறவர் 78 சதவீதம் சரியாப் பிடிச்சிடுவார்னு எழுதினவங்க நம்பினாங்க. பிடிச்சது 56 சதவீதம்தான். காசு சுண்டிச் சொன்னாலே பாதி சரியா வருமே! கோபமா எழுதின பதிலை ஒரு ராத்திரி வச்சிருந்து அனுப்புங்கன்னு இணையப் பொறியாளர்கள் 1995-லேயே ஆர்எஃப்சி 1855-ங்கிற இணைய நாகரிக வழிகாட்டியில எழுதிட்டாங்க.

ஆம்பூர் நிலத்துக்காரன்:
தம்பி, மரியாதையா எழுதின பொய்யை யார் நீக்குறாங்க? போன வாரம் ஒருத்தர், "கழிவுநீர் சொட்டுகூட ஆற்றுக்குப் போவதில்லை, விவசாயிகள் உணர்ச்சிவசப்படுகிறார்கள்"னு எழுதி, கீழ "தங்கள் பணிவுள்ள"ன்னு முடிச்சார். அது இன்னும் அப்படியே கீது. விதி தொனிக்கு மட்டும்னா, நிலத்தைப் பறிகொடுத்தவன்தான் தினமும் மாட்டுவான்.

காட்பாடி டீச்சர்:
பொய்க்கு ஆதாரம் கேட்கலாம், பதில் எழுதலாம். "எவ்வளவு வாங்கினே" என்பதற்கு எந்த ஆதாரத்தைக் காட்டிப் பதில் சொல்வது?

பேரணாம்பட்டுப் பொண்ணு:
நான் இதுவரைக்கும் குழுவுல எழுதினதே இல்ல. எங்கப்பா தோல் ஷெட்டுல கூலி. தண்ணி கெட்டுப்போனது எங்க தெருவுக்கும் தெரியும், நாங்களும் குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையறவங்கதான். ஆனா வாயைத் திறந்தா "முதலாளி ஆளு"ன்னு முத்திரை குத்திடுவாங்க. அண்ணா, உங்க கோபத்தால முதலாளிக்கு ஒண்ணும் ஆகல. எங்களைத்தான் அது வாயடைக்க வைக்குது.

ஆம்பூர் நிலத்துக்காரன்:
நீ எழுதும்மா. உன்னை எவனாவது அப்படிச் சொன்னா நானே கேக்கிறேன். டீச்சர், நிர்வாகிகிட்ட சொல்லுங்க: அந்த ஒரு வரியை எடுத்துடட்டும், கிணத்துக் கதை முழுசா திரும்ப வரணும். எதை எடுத்தாங்க, ஏன் எடுத்தாங்கன்னு எழுதினவருக்கு முதல்ல சொல்லணும். அந்தப் "பணிவுள்ள" கடிதத்துக்கும் ஆதாரம் கேக்கணும்.

காட்பாடி டீச்சர்:
மூன்றையும் எழுதி அனுப்புகிறேன். ஆதாரம் கேட்பதை மட்டும் நிர்வாகியிடம் விடவேண்டாம், அந்தக் கடிதத்துக்குக் கீழேயே நாம் எல்லோரும் கேட்போம்.