அக்யூமனுக்கு மதிநுட்பமே பொருந்தும்

'acumen' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடலாம் என்று பல சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. அவற்றில் நுண்ணறிவு வேண்டாம், செயற்கை நுண்ணறிவு வந்தபின் அது வேறு வேலைக்குப் போய்விட்டது. சாமர்த்தியம் பாராட்டா குத்தலா என்பதைச் சொல்கிறவர் குரலை வைத்துத்தான் அறியலாம். 'ஆள் சாமர்த்தியக்காரன்' என்று தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சொன்னால் கேட்பவர் மடியைத் தடவிப் பார்ப்பார். சூட்சுமமோ ஆளின் குணமல்ல, பொருளுக்குள் இருப்பது. தேயிலைக் கொழுந்தை உருட்டும் இயந்திரமான ரோதையின் சூட்சுமம் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

'பதம்' என்ற முன்மொழிவுதான் யோசிக்க வைக்கிறது. பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு ஈரம். அதை 55 அளவுக்கு வாட்டியே உருட்ட வேண்டும். ஒரு பிடி அள்ளி அமுக்கிக் கையைத் திறந்தால் உருண்டை பொலபொலவென்று உதிராமல் மெல்ல விரியும். காம்பு ஒடியாமல் வளையும். இது பதம். கை பழகினால் வந்துவிடும்.

ஆனால் தென்மேற்குப் பருவ மழையில் இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கொழுந்து நனைந்தே வரும். முதலில் சூடான காற்றைவிட்டு இலைமேல் நிற்கும் நீரைப் போக்க வேண்டும், பிறகு சூட்டை நிறுத்திச் சாதாரணக் காற்றில் வாடவிட வேண்டும். நிறுத்தப் பிந்தினால் ஓரம் காய்ந்து நடு பச்சையாகவே நிற்கும். பச்சையாக உருட்டினால் சாறு வழிந்து வீணாகும், இலை நொறுங்கும், சாயமும் சப்பென்று போகும். இரவு 2 மணிக்கு ஓட்ட வேண்டிய ரோதையை 4 மணிக்குத் தள்ளலாமா? தள்ளினால் அடுத்த கொழுந்தைப் பரப்ப, வாட்டும் மாடியில் இடம் இருக்குமா? இதைக் கை மட்டும் சொல்லாது. கை சொன்னதையும் வானத்தையும் இடத்தையும் ஒருசேர எடைபோட்டு நேரத்தோடு முடிவெடுப்பதே அக்யூமன்.

இலத்தீனில் அச்சொல்லுக்கு முனை, கூர் என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு 'கூர்மதி' என்பது அழகுதான்; ஆனால் 'வணிகக் கூர்மதி' எனக்கு ஒட்டவில்லை. மதிநுட்பம் ஒட்டுகிறது: வணிக மதிநுட்பம், அரசியல் மதிநுட்பம், மதிநுட்பமான முடிவு. குறளில் அமைச்சு அதிகாரம் 'மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு' என்கிறது (636). நூலறிவைப் பக்கத்தில் தனியாக நிறுத்துகிறது பாருங்கள். நமக்கு வேண்டிய பிரிவும் அதுவே.

ஒரு குறை: பேச்சில் கனக்கும். தொழிற்சாலையில் யாரும் 'அவருக்கு மதிநுட்பம் உண்டு' என்று சொல்லப்போவதில்லை, 'அந்தாளுக்குக் கணக்குத் தெரியும்' என்பார்கள். அகராதியில் அந்தப் பேச்சு வழக்கையும் பக்கத்தில் போடுங்கள்.