பிரஷர் கூடி மூளை வீக்கம்: எம்ஆர்ஐ பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

உறவுகளே, முல்லைத்தீவில் இருக்கிற என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்த கையோடு பிரஷர் கடுமையாகக் கூடி, தாங்கேலாத தலையிடி, கண் மங்கல், பிறகு வலிப்பும் வந்துவிட்டது. சிடி ஸ்கானில் ஒன்றும் இல்லை. ஆனால் சிடி தெளிவாக இருந்தாலும் பிரெஸ் (PRES) என்கிற மூளை வீக்கம் இருக்கலாம், எம்ஆர்ஐயில் ஃபிளேர் என்கிற ஒருவகைப் படத்தில்தான் அது மூளையின் பின்பகுதியில், பெரும்பாலும் இரண்டு பக்கமும், வெள்ளையாகத் தெரியும், டிஃப்யூஷன் என்கிற இன்னொரு வகை எம்ஆர்ஐ படத்தையும் சேர்த்துப் பார்த்தால் பக்கவாதமா என்று பிரித்தறியலாம் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். பிரஷரை மெல்ல மெல்லத்தான் இறக்குகிறார்கள். பார்வை கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அதுவே பெரிய ஆறுதல்.

வவுனியா, யாழ்ப்பாணம், அனுராதபுரம், எங்கே கெதியாக எம்ஆர்ஐ எடுக்கலாம்? இது வந்து சுகமானவர்கள் திரும்ப எப்போது ஸ்கான் எடுத்தீர்கள், வலிப்பு மருந்தை எவ்வளவு காலம் போட்டீர்கள்? கைக்குழந்தையோடு நிற்கிறோம், தயவுசெய்து எழுதுங்கோ.