இருபது கஜத்தில் நின்ற மான் எப்படித் தப்புகிறது? மஸில்லோடர்காரர்களின் அனுபவங்கள்

பரண்வாசி, பென்சில்வேனியா:

மஸில்லோடர் என்றால் வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி; ஃபிளின்ட்லாக் அதில் பழைய வகை. எங்கள் மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஃபிளின்ட்லாக் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. 1974-இல் ஆரம்பித்த பருவம் இது. ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கி) கிடையாது, சக்கிமுக்கிக் கல்லின் பொறியில்தான் மருந்து பற்ற வேண்டும். 80 கஜத்தில் தப்பிய மானைப் பற்றி யாரும் கதை பேசுவதில்லை. கல்லெறி தூரத்தில் நின்றுவிட்டு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியதைத்தான் வருடக்கணக்கில் பேசுகிறார்கள். உங்களுக்கு நடந்ததையும், பக்கத்தில் இருந்து பார்த்ததையும் எழுதுங்கள்.

முதலில் நான் பார்த்தது. பெர்க்ஸ் கவுண்டி மலைச்சரிவில் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து பனியும் மழையுமாகக் கலந்து தூறிக்கொண்டிருந்தது. ஒரு பெட்டை மான் இருபது கஜத்துக்குள் வந்து பக்கவாட்டில் நின்றது. நண்பர் ட்ரிகரை இழுத்தார். 'டிக்', பிறகு 'ஸ்ஸ்ஸ்', அதற்கப்புறம்தான் 'டமார்'. டிக் கேட்டதுமே மான் முன்னங்காலை மடக்கித் தாழ்ந்துவிட்டது. குண்டு அதன் முதுகுக்கு மேலே போய்ப் பின்னால் நின்ற மரத்தில் பட்டது. பிறகு மரப்பட்டையில் ஓட்டையைப் பார்த்தோம்.

நண்பர் மானின் சாமர்த்தியத்தை மெச்சினார். எனக்கு அவருடைய கிண்ணி மருந்தின் மேல்தான் சந்தேகம். கிண்ணி என்பது குழலின் பக்கத்தில், பொறி விழும் மருந்தை வைக்கும் சின்னக் கிண்ணம்; அங்கிருந்து ஒரு துளை குழலுக்குள் போகும். ஈரத்துக்குப் பயந்து, பக்கத்துத் துளையை மூடும் அளவுக்குக் கிண்ணியை நிரப்பி வைத்திருந்தார். துளை திறந்திருந்தால் கிண்ணியில் எழும் சுவாலை நேராக உள்ளே பாய்ந்து குழலில் இருக்கும் மருந்தைப் பற்ற வைக்கும். துளைக்குள் மருந்து அடைத்துக்கொண்டால் அது திரி மாதிரி எரிந்துதான் உள்ளே போக வேண்டும். ஒழுங்காக வைத்த ஃபிளின்ட்லாக்கில் கல் அடிப்பதற்கும் வெடிப்பதற்கும் இடையே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் மானால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அரை நொடி கிடைத்தால் கதை வேறு. அது பாய்வதற்குத் தாழும்போது, ஐந்தில் ஒரு நொடியிலேயே 8 அங்குலம் இறங்கிவிடலாம். நெஞ்சில் நாம் குறிவைக்கும் இடமே சுமார் 8 அங்குல வட்டம்தானே.

ஓஹையோ தம்பி:

அண்ணா, நான் ஃபிளின்ட்லாக் தொட்டதில்லை. 209 பிரைமர் (அடித்ததும் தீப்பொறி தரும் சிறு வெடிமூடி) போடும் இன்லைன் என்ற நவீன மஸில்லோடர்தான், ஸ்கோப்போடு. 'டிக்', 'ஸ்ஸ்' எல்லாம் இதில் இல்லை. ஆனாலும் போன ஜனவரியில் என் மைத்துனர் பரணுக்குக் கீழேயே வந்த மானைத் தவறவிட்டார். 100 கஜத்துக்கு ஸ்கோப் சரிசெய்திருந்தார். கிட்டத்தில் குண்டு வேறு உயரத்தில் போகும் என்று துப்பாக்கிக் கடையில் சொன்னார்களாம். அதுதான் காரணமா?

(ஊரில் பாட்டி இதைக் கேட்டுவிட்டு, "மான் மேல் கைவைத்தால் ஜெயில்டா" என்றார். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே அமெரிக்காவில் செல்லாது என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

ஈயக்குண்டு:

தம்பி, கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் மான் தப்பியதற்கு அது காரணம் ஆகாது. ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. குண்டு குழலிலிருந்து கிளம்புகிறது. அதனால் 15 கஜத்தில் நாம் பார்க்கும் இடத்துக்கு அதிகபட்சம் ஒன்றரை அங்குலம் கீழேதான் படும். ஒன்றரை அங்குலத்தில் ஒரு முழு மானைத் தவறவிட முடியாது. ஒரு அட்டையை 15 கஜத்தில் வைத்து நீங்களே சுட்டுப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

அந்த ஒன்றரை அங்குலம் கெடுதல் செய்வது வேறு விதத்தில். ஸ்கோப்பில் பார்க்கும்போது வழி சுத்தமாகத் தெரியும், ஆனால் அதற்குக் கீழே குழலின் வாய் பரண் கம்பிக்கு நேராகவோ சுள்ளிக்கு நேராகவோ இருக்கும். கம்பியில் பள்ளம் விழுந்த பரண்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மைத்துனர் பரணையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஸ்கோப்பின் உருப்பெருக்கம் 9-இல் இருந்ததா என்றும் கேளுங்கள். 15 கஜத்தில் 9 வைத்துப் பார்த்தால் பழுப்பு மயிர் மட்டும்தான் தெரியும். தோளா தொடையா என்று கண்டுபிடிப்பதற்குள் மான் நகர்ந்துவிடும். காட்டுக்குள் உட்காரும்போது ஆகக் குறைந்த அளவில் வைத்துவிடுவது நல்லது.

இனி, ஸ்கோப்புக்குப் பதில் குழல் மேல் முன்னும் பின்னும் இரும்புக் குறி வைத்த நீளத் துப்பாக்கி. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் ஜெர்மானியக் கொல்லர்கள் 18-ஆம் நூற்றாண்டில் செய்த பாணி. எங்கள் கூட்டத்தில் கிட்டத்தில் தவறவிட்டவர்களில் பாதிப் பேர் மேலேதான் சுட்டிருக்கிறார்கள். காரணம் மருந்து இல்லை, கன்னம். மான் பக்கத்தில் வந்ததும் அதை முழுசாகப் பார்க்கும் ஆசையில் கன்னம் பதித்திருக்கும் துப்பாக்கிக் கட்டையை விட்டுத் தலை எழும்பிவிடுகிறது. தலை எழும்பினால் முன்குறி பின்குறியின் வெட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு குறிகளுக்கும் இடையே 30 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்குறி கால் அங்குலம் கூடுதலாகத் தெரிந்தால் 20 கஜத்தில் குண்டு 6 அங்குலம் மேலே போகும். அதோடு மான் லேசாகத் தாழ்ந்தாலே போதும், குண்டு முதுகைத் தாண்டிவிடும். பரணிலிருந்து செங்குத்தாகக் கீழே சுடும்போது கன்னம் இன்னும் எளிதாகக் கழன்றுவிடும். கீழே குனிய வேண்டும் என்பதற்காக இடுப்பை வளைக்காமல் கையை மட்டும் தாழ்த்துகிறோமே, அதனால்தான்.

இன்னொன்று, கண் சிமிட்டுவது. கிண்ணி முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பளிச்சென்று எரிகிறது. எவ்வளவு தைரியசாலியானாலும் உடம்பு அதிரும். குண்டு குழலை விட்டுப் போகும் வரை குறியிலேயே நிற்க வேண்டும். இதற்குப் பயிற்சி வீட்டிலேயே செய்யலாம். கல்லை எடுத்துவிட்டு அதே அளவு மரத்துண்டை வைத்து, மருந்து இல்லாமல் இழுத்துப் பழகுங்கள். கூட வருகிறவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, கிண்ணியில் மருந்து வைத்தாரா இல்லையா என்று சொல்லாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள். மருந்து இல்லாதபோதும் குழல் துள்ளினால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும்.

மலைச்சாரல்:

என் வீட்டுக்காரரிடம் இரட்டை ட்ரிகர் துப்பாக்கி இருக்கிறது. பின்னதை இழுத்து வைத்துவிட்டால் முன்னதை இறகு பட்டாலும் போதும். கம்பளிக் கையுறையோடு தொட்டார், குறி இன்னும் மானின் வயிற்றுக்குக் கீழே இருக்கும்போதே வெடித்துவிட்டது. பனியில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். இப்போது வலது கைக்கு விரல் இல்லாத கையுறை போடுகிறார், சட்டைப்பையில் சூடு பொட்டலம். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, அந்தப் பெட்டை மான் எங்கள் தோட்டத்துச் செடிகளைத் தின்றுகொண்டு இன்னும் சுகமாக இருக்கிறது.

ஈயக்குண்டு:

அம்மா சொன்னது சரி. இரட்டை ட்ரிகரை மான் மேல் குறி நின்றபிறகுதான் இழுத்து வைக்க வேண்டும்.

குழலில் எண்ணெய் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்து எண்ணெய் பூசி வைத்த குழலை உலரத் துடைக்காமல் மருந்து கெட்டித்தால் மருந்து நனையும், முதல் குண்டும் வழக்கமான இடத்தில் படாது. குளிரிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் வைத்தால் குழலுக்குள் வியர்க்கும். கிண்ணி மருந்தை எடுத்துவிட்டுக் குளிரான, பூட்டிய இடத்திலேயே வைத்துவிடுவது மேல்.

பரண்வாசி:

எல்லோரும் தவறவிட்டதையே சொல்கிறோம். தவறவிட்டதாக நினைத்து விட்டுவிட்ட மான்களை யார் கணக்கில் வைப்பது? காற்று இல்லாத நாளில் கருமருந்தின் புகை சுவர் போல முன்னால் நிற்கும். மான் தள்ளாடியதா, எந்தப் பக்கம் போனது என்று எதுவும் தெரியாது. .50 காலிபர் (அரை அங்குலக் குழல்) உருண்டைக் குண்டு பல நேரம் மறுபக்கத் தோலுக்கு அடியிலேயே நின்றுவிடும். வெளியே வர ஓட்டை இல்லை என்றால் இரத்தமும் உடனே சொட்டாது. 'பட்டிருக்காது' என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இது எனக்குக் கோபம் வரும் விஷயம்.

வெடித்ததும் குனிந்து புகைக்குக் கீழே பாருங்கள். மான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இருந்த இடத்தை விட்டு நகராமலேயே மறுபடி மருந்து கெட்டியுங்கள். அரை மணி கழித்து நடந்து போய் முதலில் குண்டு பட்டு உதிர்ந்த மயிரைத் தேடுங்கள்.

ஓஹையோ தம்பி:

மைத்துனரிடம் கேட்டேன். ஸ்கோப் 9-இல்தான் இருந்ததாம். பரண் கம்பி சுத்தம், பள்ளம் எதுவும் இல்லை. சுட்ட பிறகு கீழே இறங்கி மயிர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்றதற்குப் பதில் இல்லை. பனி இல்லாமல் வெறும் ஓக் இலையாகக் கிடந்தால் எப்படித் தேடுவது?

பரண்வாசி:

நின்று பார்த்தால் தெரியாது, மண்டி போட வேண்டும். அது பாய்ந்த இடத்தில் குளம்பு இலையைக் கிளறிவிட்டிருக்கும். அங்கிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இலையாகப் புரட்டுங்கள், கூடவே செடித் தண்டுகளையும் முழங்கால் உயரத்துக்குப் பாருங்கள். இரத்தம் தரையில் விழுவதற்கு முன்னால் தண்டில்தான் தடவியிருக்கும். கடைசியாகக் கண்ட சொட்டில் ஒரு காகிதத்துண்டைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இருட்டிவிட்டால் மோப்ப நாயைக் கயிற்றில் பிடித்துத் தேட ஓஹையோவில் அனுமதி உண்டா என்று வேட்டை விதிப் புத்தகத்தில் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.