அசிட்டிக் அமில ஆவி: ஜோடியைப் பிரிக்கும் ஆற்றல் 40 தான் வருது, எங்கே தப்பு?

ராயபுரம் வேதியியல்:
எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். ஆவியில அசிட்டிக் அமில மூலக்கூறுகள் ரெண்டு ரெண்டா ஹைட்ரஜன் பிணைப்புல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்தப் பிடிமானத்தை அகச்சிவப்பு நிறமாலையில அளக்குறேன். தனி மூலக்கூறோட கார்பனைல் பீக் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு ஒளியை உறிஞ்சுற இடம்) 1790 செ.மீ⁻¹ கிட்ட, ஜோடியோடது 1730 கிட்ட. 25 டிகிரியிலிருந்து 70 வரை சூடாக்கி, ஜோடி பீக்கை தனி பீக்கோட வர்க்கத்தால வகுத்து, மடக்கை எடுத்து, கெல்வினின் தலைகீழிக்கு எதிரா வரைஞ்சேன். சரிவு 40 கிலோஜூல்/மோல் காட்டுது. வரவேண்டியது 60 கிட்ட. மூணு வாரமா இதே கதை. காசிமேட்டுக் கடல்காத்துல செல்லோட (ஆவியை அடைச்சு வச்சிருக்கிற குழாய்), ஒளி புகுற பொட்டாசியம் புரோமைடு ஜன்னல் மங்கிடுச்சுன்னு கால்சியம் ஃப்ளோரைடு மாத்தியும் பார்த்துட்டேன். அடுத்த வாரம் வைவா, தூக்கமே வரல.

வியாசர்பாடி அண்ணன்:
ஹீட்டிங் டேப் எங்கே சுத்தியிருக்கேம்மா? தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கிற கம்பி) எங்கே?

ராயபுரம் வேதியியல்:
டேப் செல்லோட நடு உடம்புல மட்டும்ணா. தெர்மோகப்பிள் டேப்புக்கு அடியில. ஏசி காத்து நேரா ஜன்னல் மேல அடிக்குது.

வியாசர்பாடி அண்ணன்:
அங்கதான் கோளாறு. மீட்டர் 70 காட்டுறப்போ உள்ளே வாயு 55 தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாரு, அந்த 15 டிகிரியே 60-ஐ 42 ஆக்கிடும். குளிர்ந்த ஜன்னல்ல அமிலம் மெல்லிசாப் படிஞ்சா அதுவும் ஜோடி பீக்கோட சேர்ந்துக்கும். ஜன்னல் சட்டத்துக்கும் டேப் சுத்து, அங்கே இன்னொரு தெர்மோகப்பிள் வை. ரெண்டும் ஒரே அளவு காட்டி இருபது நிமிஷம் ஆனப்புறம் ஸ்கேன் எடு. செல்லைச் சுத்தி, கருவிக்குள்ள நைட்ரஜனும் விட்டுக்கிட்டே இரு. நம்ம ஊர் ஈரக்காத்தோட நீராவிக் கோடுகள் சரியா அந்தக் கார்பனைல் இடத்துலதான் வந்து விழும்.

தண்டையார்பேட்டை அக்கா:
இன்னொண்ணு. பீக் உயரம் சொல்றது செறிவை, அழுத்தத்தை இல்ல. அதனால சரிவு தர்றது உள் ஆற்றல் மாற்றம். பிரிக்கிற வெப்ப அடக்கம் (என்தால்பி) வேணும்னா ஆர்.டி. (வாயு மாறிலியை கெல்வின் வெப்பநிலையால பெருக்கினது) கூட்டணும், உன் வெப்பநிலைக்குச் சுமார் 2.7 கிலோஜூல். இந்த வழி பலமான ஜோடிக்குத்தான் சரிப்படும், வைவால கேட்பாங்க. நீர் ஜோடி அறை வெப்பத்துல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டுதான் இருக்கும். அதை மூலக்கூறுக் கற்றையில குளிரவச்சு, லேசரால உடைச்சு, சிதறுற துண்டுகளோட வேகத்திலிருந்து 2011-ல 13.2 கிலோஜூல்னு அளந்தாங்க.

ராயபுரம் வேதியியல்:
அண்ணா, அக்கா, ஜன்னலுக்கும் டேப் சுத்தி, ஏசியைத் திருப்பிவிட்டு, நேத்து ராத்திரி வரைக்கும் உட்கார்ந்தேன். சரிவு 56.4. ஆர்.டி. சேர்த்தா 59! ரொம்ப நன்றி. வைவாவுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை எடுத்துடுறேன்.